சீட்டில் எழுதிய மருந்துதான் உடம்புக்குள் போகும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

1/
இன்னைக்கு ஒரு அமெரிக்க செனட்டரைப் பற்றி எழுதப் போறேன். "டாக்டர், சுகர், பிரஷர்னு எழுதிட்டு இருந்தீங்க, உங்களுக்கு எதுக்கு அமெரிக்க அரசியல்?"னு சிலர் கேப்பீங்க. காரணம் இருக்கு. அவரும் டாக்டர். அதுவும் கல்லீரல் டாக்டர். நான் ஓ.பி.யில் தினமும் பார்க்கிற ஹெபடைடிஸ் பி நோயாளிகளை அவரும் ஏறத்தாழ முப்பது வருஷம் பார்த்தவர். அவர் போட்ட ஒரு ஓட்டு, நான் மறக்க நினைக்கிற ஒரு நாளை எனக்கு ஞாபகப்படுத்திடுச்சு. அந்த நாளைப் பற்றி கடைசியில் சொல்றேன். முதலில் அவர் கதை.

2/
பெயர் பில் காசிடி. லூசியானா மாநிலம், குடியரசுக் கட்சி. 1983இல் லூசியானா ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மருத்துவம் முடித்தவர். பேட்டன் ரூஜ் நகரத்தில் ஏர்ல் கே. லாங் என்ற அரசு மருத்துவமனையில் வேலை பார்த்தார். இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள், கையில் காசில்லாதவர்கள் வரும் இடம். நம்ம ஊர் ஜி.எச். மாதிரின்னு வெச்சுக்குங்க. 1998இல் வேலைக்குப் போயும் இன்ஷூரன்ஸ் இல்லாதவர்களுக்காக ஒரு இலவச கிளினிக் தொடங்கியவர்களில் ஒருவர். 2005இல் கத்ரீனா புயல் அடித்தபோது, பூட்டிக் கிடந்த ஒரு கே-மார்ட் கடைக் கட்டடத்தை தன்னார்வலர்களோடு சேர்ந்து அவசர மருத்துவமனையாக மாற்றினார்.

எல்லாத்தையும் விட எனக்குப் பிடித்தது இது: பேட்டன் ரூஜ் சுற்றுவட்டாரத்தில் 36,000 குழந்தைகளுக்கு, பெற்றோருக்கோ பள்ளிக்கோ ஒரு பைசா செலவில்லாமல் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட ஏற்பாடு செய்தவர் அவர். ஒரு டாக்டர் ஆயுசு முழுக்க ஓ.பி.யில் உட்கார்ந்து எழுதுற சீட்டை விட, இந்த ஒரு வேலையில் காப்பாற்றிய கல்லீரல்கள் அதிகமாக இருக்கும். இதை நான் பொறாமையோடதான் சொல்றேன்.

3/
அப்புறம் அரசியல். 2006இல் மாநில செனட்டுக்கு ஜெயித்தார். 2008இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை. 2014 டிசம்பரில் நடந்த இரண்டாம் சுற்றில், மூன்று முறை செனட்டராக இருந்த மேரி லாண்ட்ரூவைத் தோற்கடித்து செனட்டுக்கு வந்தார். 2020இல் மறுபடியும் ஜெயித்தார். 2025 ஜனவரியில் செனட்டின் சுகாதாரம், கல்வி, தொழிலாளர், ஓய்வூதியக் குழுவுக்குத் தலைவர். நாட்டின் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிற நாற்காலியில் ஒரு கல்லீரல் டாக்டர். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே?

4/
கதைக்குள் போறதுக்கு முன்னாடி ஒன்று. நம்ம ஊரில் எம்.பி., எம்.எல்.ஏ. போடுற ஓட்டை வெச்சு ஆளை எடை போடுவது கஷ்டம். 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம். அதனால அது பெரும்பாலும் கட்சியோட ஓட்டு, ஆளோட ஓட்டு இல்லை. அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. கட்சி கோபப்படும், அடுத்த தேர்தலில் எதிராளியை நிறுத்தும், ஆனால் பதவியைப் பிடுங்க முடியாது. அதனால் அங்கே ஒவ்வொரு ஓட்டும் அந்த ஆளோட கையெழுத்து மாதிரி. கேஸ் ஷீட்டைப் புரட்டுற மாதிரி புரட்டிப் பார்க்கலாம்.

5/
காசிடி கேஸ் ஷீட்டைப் புரட்டுவோம்.

2017. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை எடுக்கணும்னு அவர் கட்சி துடித்த வருஷம். டிவி தொகுப்பாளர் ஜிம்மி கிம்மலின் மகன் இதயக் கோளாறோடு பிறந்திருந்தான். "எந்தச் சட்டம் வந்தாலும் கிம்மல் டெஸ்ட்டில் பாஸ் ஆகணும்"னு காசிடி சொன்னார். அதாவது அந்த மாதிரிக் குழந்தைக்கு, குடும்பத்திடம் பணம் இருக்கோ இல்லையோ, சிகிச்சை கிடைக்கணும். எல்லாரும் பாராட்டினாங்க. ஜூலையில் அந்தச் சட்டத்தின் முக்கியப் பகுதிகளை எடுக்கிற மசோதாவுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார். ஜான் மெக்கெயின் உட்பட மூன்று குடியரசுக் கட்சிக்காரர்கள் எதிர்த்ததால் 49-51இல் அது தோற்றது. செப்டம்பரில் லிண்ட்சே கிரகாமோடு சேர்ந்து காசிடியே ஒரு மசோதா கொண்டு வந்தார். கிம்மல் தன் நிகழ்ச்சியிலேயே, இவர் என் முகத்துக்கு நேரே பொய் சொன்னார்னு சொல்லிட்டார். அந்த மசோதா ஓட்டெடுப்புக்கே வரல.

அதே ஆளுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. எமர்ஜென்சியில் கொண்டு போய்ச் சேர்த்த மருத்துவமனை நம்ம இன்ஷூரன்ஸ் பட்டியலில் இல்லைன்னா அங்கே தலையில் இடி மாதிரி பில் வரும். அதைத் தடுக்கிற சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. அதற்காகப் பல வருஷம் உழைத்தவர்களில் காசிடியும் ஒருவர். 2021இல் உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு ஆதரவளித்த 19 குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர். 2022 துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஆதரவளித்த 15 பேரிலும் ஒருவர்.

அதனால ஆளை ஒரே வரியில் எழுதி முடிக்காதீங்க. எந்த நோயாளியும் ஒரே வரியில் அடங்க மாட்டாங்க.

6/
இப்போ ஒரு தேதி. பிப்ரவரி 13, 2021.

நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு டிரம்ப் மீது நடந்த பதவிநீக்க விசாரணையின் ஓட்டெடுப்பு. தண்டிக்க 67 ஓட்டு வேணும். 57-43. டிரம்ப் தப்பித்தார். டிரம்புக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஏழு குடியரசுக் கட்சிக்காரர்களில் காசிடி ஒருவர். சில வினாடிகளே ஓடுகிற ஒரு வீடியோ போட்டார். எந்த ஒரு தனிமனிதரையும் விட நம் அரசியலமைப்பும் நாடும் பெரிது, அவர் குற்றவாளி என்பதால் அப்படி ஓட்டுப் போட்டேன் என்பதுதான் சாரம். நீட்டி முழக்கல. அன்னைக்கே லூசியானா கட்சி நிர்வாகம் அவருக்குக் கண்டனத் தீர்மானம் போட்டது.

பின்னாடி மாநிலத்தில் தேர்தல் முறையும் மாறியது. முன்பெல்லாம் எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே சீட்டில், எல்லா வாக்காளர்களும் ஓட்டுப் போடலாம். 2024இல் வந்த சட்டப்படி, 2026 முதல் செனட் தேர்தலுக்குக் கட்சிக்குள்ளேயே முதல் சுற்று. டிரம்பை எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒருவருக்கு அது எவ்வளவு நெருக்கடின்னு நான் விளக்க வேண்டியதில்லை.

7/
2025 ஜனவரி. பல வருஷமாகத் தடுப்பூசிகள் மேல் சந்தேகம் கிளப்பிப் பேசி வந்த ராபர்ட் எஃப். கென்னடி ஜூனியரை டிரம்ப் சுகாதார அமைச்சராக முன்மொழிந்தார். ஜனவரி 30 அன்று காசிடியின் குழு முன்னால் அவர் வந்தார்.

அந்த விசாரணையில் காசிடி ஒரு நோயாளியைப் பற்றிச் சொன்னார். 18 வயசுப் பெண். ஹெபடைடிஸ் பி. கல்லீரல் செயலிழந்து, அவசர மாற்று அறுவைக்காக ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பினார். லட்சக்கணக்கான டாலர் ஆபரேஷன், பிழைத்தாலும் ஆயுசு முழுக்க மருந்து. 50 டாலர் தடுப்பூசி இதைத் தடுத்திருக்குமேன்னு தோன்றிய அந்த நாள்தான் தன் மருத்துவ வாழ்க்கையிலேயே மோசமான நாள்னு சொன்னார்.

தடுப்பூசியால் ஆட்டிசம் வராதுன்னு கென்னடி வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்தார். நேரான பதில் வரல. இந்த நியமனத்தில் தான் தடுமாறிக்கொண்டிருப்பதாக வெளிப்படையாகவே சொன்னார். உலகம் முழுக்க டாக்டர்கள் அந்த வீடியோவைப் பார்த்தோம். "நம்ம ஆளு ஒருத்தர் உள்ள இருக்கார்"னு எங்க வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தர் எழுதினார். நான் கைதட்டுற எமோஜி போட்டேன்.

8/
பிப்ரவரி 4. செனட்டின் நிதிக்குழுவில் ஓட்டெடுப்பு. இந்தக் கணக்கைக் கவனமாகப் பாருங்க, கதையே இங்கதான் இருக்கு.

குழுவில் 14 குடியரசுக் கட்சியினர், 13 ஜனநாயகக் கட்சியினர். காசிடியும் அதில் உறுப்பினர். முடிவு 14-13. கென்னடிக்கு ஆதரவு. காசிடி மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் 13-14. குழுவின் ஆதரவான பரிந்துரை கிடைத்திருக்காது, அடுத்த கட்டத்துக்கான பாதை ரொம்பக் கரடுமுரடாகியிருக்கும்.

பிப்ரவரி 13 அன்று முழு செனட்டில் ஓட்டெடுப்பு. 52-48. அங்கே காசிடி எதிர்த்திருந்தாலும் 51-49இல் கென்னடி ஜெயித்திருப்பார்.

புரியுதா? அவர் ஒரு ஓட்டால் ஏதாவது மாறியிருக்கக் கூடிய இடம் குழு அறைதான். முழுச் சபை இல்லை. டிவியில் பெருசாகத் தெரிவது சபை. முடிவு எடுக்கப்பட்டது யாரும் அதிகம் பார்க்காத அந்தக் குழு அறையில்.

இன்னொன்றையும் கவனிச்சீங்களா? 2021 பிப்ரவரி 13. 2025 பிப்ரவரி 13. சரியாக நாலு வருஷம்.

அன்னைக்கு எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே குடியரசுக் கட்சிக்காரர் மிட்ச் மெக்கானல். சின்ன வயசில் போலியோ வந்து மீண்டவர். டாக்டர் இல்லை. நோயாளி.

9/
காசிடி ஏன் ஆதரித்தார்? அவரே செனட்டில் நின்று விளக்கினார். கென்னடியும் நிர்வாகமும் தனக்கு வாக்குறுதிகள் கொடுத்திருக்காங்க என்றார். தடுப்பூசி அனுமதி, பாதுகாப்புக் கண்காணிப்பு முறைகளுக்குள்ளேயே வேலை செய்வார். தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் பரிந்துரைகள் மாறாமல் இருக்கும். சி.டி.சி. இணையதளத்தில் தடுப்பூசியால் ஆட்டிசம் வராது என்ற வாசகம் நீக்கப்படாது. மாசத்துக்குப் பல முறை தன்னோடு பேசுவார்.

எல்லாமே வாய் வார்த்தை. கையில் இருந்த ஒரே பிடி அந்த ஓட்டு. அதைக் கொடுத்துட்டு வார்த்தையை வாங்கிக்கிட்டார்.

10/
அப்புறம் நடந்தது:

ஜூன் 9, 2025. தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 பேரையும் கென்னடி ஒரே நாளில் நீக்கினார். தடுப்பூசியைச் சந்தேகப்படுவதைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள் உள்ளே வந்துவிடுவார்களோன்னு பயமாக இருக்கு, கென்னடியோடு பேசியிருக்கேன், தொடர்ந்து பேசுவேன்னு காசிடி பதிவு போட்டார்.

ஆகஸ்ட். செனட் ஒப்புதல் பெற்று வந்த சி.டி.சி. இயக்குநர் சூசன் மொனாரெஸ் ஒரு மாசம்கூட முடியாமல் நீக்கப்பட்டார். காசிடி தன் குழுவில் விசாரணை நடத்தினார்.

நவம்பர். சி.டி.சி. இணையப் பக்கம் மாறியது. "தடுப்பூசிகளால் ஆட்டிசம் வராது" என்ற தலைப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே அந்த வாசகத்துக்கு ஆதாரமில்லைங்கிற மாதிரி விளக்கம். நட்சத்திரக் குறிக்கான குறிப்பில், செனட் சுகாதாரக் குழுத் தலைவரோடு செய்துகொண்ட உடன்பாட்டால்தான் தலைப்பு நீக்கப்படவில்லைன்னு எழுதியிருந்தது. வாக்குறுதி காப்பாற்றப்பட்டது, பாருங்க. எழுத்து மாறாமல். ஒரு நட்சத்திரக் குறியாக.

டிசம்பர் 5. புதிய ஆலோசனைக் குழு 8-3 ஓட்டில், தாய்க்கு ஹெபடைடிஸ் பி இல்லைன்னு டெஸ்ட்டில் வந்திருந்தால், பிறந்த அன்றே ஊசி என்ற பொதுப் பரிந்துரையை எடுத்தது. பெற்றோரும் டாக்டரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம், பிறந்தபோது போடவில்லைன்னா ரெண்டு மாசத்துக்குப் பிறகு போடலாம்னு சொன்னது. அமெரிக்காவில் 1991 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பூசி. பேட்டன் ரூஜில் காசிடி 36,000 குழந்தைகளுக்குப் போட ஏற்பாடு செய்த அதே தடுப்பூசி.

பல வருஷம் ஹெபடைடிஸ் பி நோயாளிகளைப் பார்த்த கல்லீரல் டாக்டராகச் சொல்றேன், இது தவறுன்னு காசிடி எழுதினார். சி.டி.சி. இதில் கையெழுத்துப் போடக் கூடாதுன்னும் சொன்னார். சில நாளில் கையெழுத்து விழுந்தது.

11/
அவர் பதிவுகளை மட்டும் வரிசையாகப் படித்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. அறிவியல் சரி. தொனி சரி. நான் எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன்.

ஆனா எங்க தொழிலில் ஒரு விஷயம் இருக்கு. கேஸ் ஷீட்டில் எவ்வளவு அழகாக நோட்ஸ் எழுதினாலும், சீட்டில் எழுதிய மருந்துதான் நோயாளி உடம்புக்குள் போகும். "எனக்குக் கவலையாக இருந்தது"ன்னு நோட்ஸில் எழுதிட்டு, சீட்டில் வேற மருந்து எழுதினால் அந்தக் கவலையால் யாருக்கு லாபம்? அரசியல்வாதியின் பதிவு நோட்ஸ். ஓட்டு, சீட்டு.

12/
இப்போ நான் தள்ளிப் போட்டுட்டு வந்த நாள். (அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கேன்.)

பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு சின்ன ஊர் நர்சிங் ஹோமில் டியூட்டி டாக்டராக இருந்தேன். பெரியம்மா பொண்ணு, எனக்கு அக்கா, அங்கதான் பிரசவம். ஆம்பளைப் பிள்ளை. மூணு கிலோ. நர்ஸ் ஹெபடைடிஸ் பி ஊசியை எடுத்துக்கிட்டு வந்தாங்க.

பெரியம்மா குறுக்கே நின்னாங்க. "ஏண்டி, புள்ள இன்னும் கண்ணுகூட முழிக்கல, அதுக்குள்ள ஊசியா? ஒன்றரை மாசத்துல எப்படியும் போடுவீங்கல்ல, அப்ப சேத்துப் போட்டுக்கலாம்."

"அக்காவுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா பெரியம்மா?"

"எல்லாம் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல்னு அங்கயே சொல்லிட்டாங்க."

ரிப்போர்ட்டைக் காட்டுங்கன்னு நான் கேட்கல. கேட்டால் நம்பாத மாதிரி ஆயிடும். ரூம் முழுக்க சொந்தக்காரங்க, சர்க்கரை வாயில் வெச்சு சந்தோஷமா இருக்காங்க. எங்க வீட்டில் முதல் டாக்டர் நான். "படிச்ச திமிரு"ன்னு பேர் வாங்க வேண்டாம்னு நினைச்சேன்.

"சரி பெரியம்மா. உங்க விருப்பம்."

நர்ஸ் ஊசியைத் திரும்ப எடுத்துக்கிட்டுப் போனாங்க.

13/
ஒன்றரை வருஷம் கழிச்சு அக்காவுக்கு ஒரு சின்ன ஆபரேஷன். அதுக்கு முன்னாடி எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ். பழைய ஃபைலைத் தேடினோம். சுகர், ஹீமோகுளோபின், யூரின் எல்லாம் இருந்தது. ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுக்கவே இல்லை. "எல்லாம்"ங்கிற வார்த்தைக்குள்ள அது இல்லை.

பையனுக்கும் எடுத்தோம். பாசிட்டிவ்.

பெரியவங்களுக்கு இந்த வைரஸ் தொற்றினால் நூறில் 95 பேருக்கு மேல் தானாகவே சரியாகிடும். பிறக்கும்போது தொற்றினால் தலைகீழ். நூறில் 90 குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிடும். பின்னாளில் சிரோசிஸ், கல்லீரல் புற்றுநோய் வரை போகலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி போடச் சொல்வது இதனால்தான். அன்னைக்கு ஊசி போட்டிருந்தால் பையன் நிச்சயம் தப்பியிருப்பான்னு என்னால் சத்தியம் பண்ண முடியாது. தப்பியிருக்க வாய்ப்பு மிக அதிகம்னு மட்டும் தெரியும். அந்த வாய்ப்பை "உங்க விருப்பம்"னு ரெண்டு வார்த்தையில் நான் கொடுத்துட்டேன்.

"தாய்க்கு நெகட்டிவ்னா ஊசியைத் தள்ளிப் போடலாமே"ன்னு டிசம்பரில் செய்தி படிச்சப்போ எனக்கு ஏன் வயிறு கலங்குச்சுன்னு இப்போ புரியுதா? பேப்பரில் எழுதும்போது நெகட்டிவ்ங்கிறது ஒரு டெஸ்ட் முடிவு. பிரசவ வார்டில் சில சமயம் அது ஒரு பெரியம்மாவோட வாய் வார்த்தை.

14/
காசிடியைத் திட்டுறதுக்காக இதை எழுதல. 2021இல் அவர் போட்ட ஓட்டை அவர் இடத்தில் இருந்து நான் போட்டிருப்பேனான்னு சந்தேகம்தான். ஒரு ரூம் சொந்தக்காரங்க முகம் சுளிக்கிறதையே தாங்க முடியாதவ நான். அவருக்கு முன்னாடி நின்னது ஒரு கட்சி, ஒரு ஜனாதிபதி, ஒரு மாநிலம். உள்ளே இருந்தால்தான் ஏதாவது செய்யலாம், கதவை மூடிட்டால் பேசவே முடியாதுன்னு அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அது நியாயமான கணக்காகவும் இருக்கலாம்.

ஆனா தெரியாதவங்க தப்பு பண்றது வேற. தெரிஞ்சவங்க இடம் கொடுக்கிறது வேற. அந்த 18 வயசுப் பெண்ணை ஹெலிகாப்டரில் ஏற்றிய கை அது. என் கையும் அப்படித்தான், வார்டில் காமாலையோட எத்தனையோ வயிற்றைத் தொட்டுப் பார்த்த கை. எங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. அதுதான் உறுத்துது.

15/
அதனால, எந்த ஊர், எந்தக் கட்சி அரசியல்வாதியாக இருந்தாலும் மூணு கேள்வி கேளுங்க.
ஒன்று: என்ன பேசினார்னு இல்லை, என்ன ஓட்டுப் போட்டார்?
ரெண்டு: அந்த ஓட்டு முடிவை மாற்றக் கூடிய இடத்தில் போட்டதா, மாற்ற முடியாத இடத்தில் போட்டதா?
மூணு: வாக்குறுதியை நம்பினேன்னு சொன்னால், அது மீறப்பட்டபோது அவர் கையில் என்ன மிச்சம் இருந்தது?

டாக்டர்களையும் இதே மாதிரி கேளுங்க. எங்களுக்கும் நல்லது.

16/
பையன் இப்போ பத்தாவது போறான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, ஸ்கேன். இதுவரைக்கும் கல்லீரல் நல்லா இருக்கு. போன தடவை வந்தப்போ, "சித்தி, நான் பொறந்தப்போ நீங்கதான் அங்க டாக்டராமே?"ன்னு கேட்டான். "ஆமாடா"ன்னு மட்டும் சொன்னேன்.

இந்த த்ரெட்டைப் போடுறதுக்கு முன்னாடி அக்காவுக்கு போன் பண்ணி முழுசாகப் படிச்சுக் காட்டினேன். நான் ரிப்போர்ட்டைக் கேட்காமல் விட்டதை அவகிட்ட இத்தனை வருஷத்தில் சொன்னதில்லை. ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம், "போடு. ஆனா பொறந்த அன்னிக்கே ஊசி போடணும்னு தனியா, தெளிவா எழுது"ன்னு சொன்னா.

எழுதுறேன் அக்கா.

கர்ப்பமாக இருந்தால் ஹெபடைடிஸ் பி டெஸ்ட் எடுங்க. ரிப்போர்ட்டை ஃபைலில் வெச்சுக்குங்க, டாக்டர் கேட்கலைன்னாலும் எடுத்துக் காட்டுங்க. தாய்க்கு பாசிட்டிவோ நெகட்டிவோ, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். தாய்க்கு பாசிட்டிவ்னா கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசியும் 12 மணி நேரத்துக்குள் போடச் சொல்லிக் கேளுங்க. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

"ஒன்றரை மாசத்துல போட்டுக்கலாமே"ன்னு வீட்டில் யாராவது சொன்னால், இந்தப் பதிவைக் காட்டுங்க.